வளனா, சூசையா?

மார்ச் 19ஆம் நாள் நம் ஆலயங்களில் ஒரே புனிதர் மூன்று பெயர்களால் அழைக்கப்படுகின்றார். திருவிழா அழைப்பிதழில் அவர் புனித சூசையப்பர். நற்செய்தி வாசகத்தில் யோசேப்பு. தமிழ்ப் பற்றுள்ள குருவானவர் மறையுரை ஆற்ற வந்துவிட்டால் வளனார். முதியோர் மூன்றையும் தடையின்றி ஏற்றுக்கொள்கின்றனர். மறைக்கல்விச் சிறுவர்களோ இவர்கள் மூவரா, ஒருவரா என்று கேட்கின்றனர். அச்சிறுவர்களின் ஐயத்தை ஒரு நொடியில் தீர்த்துவிடலாம். அதன் பின்னே நிற்கும் வினா அவ்வளவு எளிதன்று. ஒரு பெயரை வேற்று மொழியிலிருந்து கொணரும்போது அதன் ஒலியைக் காப்பதா, பொருளைக் காப்பதா? ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளாகத் தமிழ்க் கத்தோலிக்கர் இரண்டையும் செய்து பார்த்திருக்கின்றனர். நம் பெயர்கள் நம்முடைய முதல் மொழிபெயர்ப்பு இலக்கியம் என்பது என் கருத்து. அவ்விலக்கியத்தை எவரும் இலக்கியமாக வைத்துத் திறனாய்ந்ததாகத் தெரியாததால், இங்கே சிறிது முயல்கிறேன்.

முதலில் அந்த எபிரேயப் பெயர். 'யோசேப்பு' என்பதற்கு 'அவர் கூட்டித் தருவாராக' என்பது பொருள். நெடுங்காலம் மலடியாய் இருந்த ராகேல் பெற்ற பிள்ளைக்கு இட்ட பெயர் அது. தொடக்கநூல் 30ஆம் அதிகாரத்தில் அவள் சொல்வதை எபிரேயத்தில் கேட்டால் இரண்டு வினைச்சொற்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. 'ஆசாப்' என்றால் அகற்றினார். 'யோசேப்' என்றால் கூட்டுவாராக. ஆண்டவர் என் இழிவை அகற்றினார், இன்னொரு மகனையும் கூட்டுவாராக என்று கழித்தலும் கூட்டலும் ஒரே பெயருக்குள் அடங்கிவிடுகின்றன. அவள் கேட்டபடியே இன்னொரு மகன் வந்தான். ஆனால் அவன் பிறப்பிலேயே தாய் இறந்தாள். இறக்கும்போது அவனுக்குப் 'பெனோனி', என் துயரத்தின் மகன் என்று பெயரிட்டாள். தந்தை யாக்கோபு அதனைப் 'பென்யமின்', வலக்கையின் மகன் என மாற்றினார். விவிலியத்தில் பெயர் என்பது பெற்றவளின் பெருமூச்சு. அதை அறியாமல் வெறும் ஒலியை எழுத்துக்கு எழுத்து பெயர்ப்பவர் பாதியை வழியிலேயே சிந்திவிடுகின்றார்.

இதனை நன்கு உணர்ந்தவர் வீரமாமுனிவர். 1680-இல் இத்தாலியின் கஸ்திலியோனே நகரில் பிறந்த கொன்ஸ்தந்தீனோ ஜோசப் பெஸ்கி. (அதே ஊரில் அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன், 1568-இல் பிறந்தவர்தான் நம் மக்கள் ஞானப்பிரகாசியார் என்று வணங்கும் புனித அலோசியுஸ் கொன்சாகா.) உறுதி, நிலைபேறு எனப் பொருள்படும் தம் இலத்தீன் பெயரைத் 'தைரியநாதர்' எனத் தமிழ் மக்கள் சொல்ல வைத்தார். பின்னர் அதுவே வீரமாமுனிவர் ஆயிற்று. 1726-இல் அவர் நிறைவுசெய்த தேம்பாவணி 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. அக்காப்பியத்தின் தலைவர் திருக்குடும்பத்தின் காவலரான யோசேப்பு. மூன்றாம் படலத்தின் பெயரே 'வளன் சனித்த படலம்'.

இந்த 'வளன்' என்ற ஒரு சொல்லில் சற்றே நின்று பார்க்கவேண்டும். முனிவருக்கு முன்னே ஒரு தமிழ் வழி இருந்தது. கம்பர் வடமொழிப் பெயர்களின் அயலெழுத்தைக் களைந்து இலக்குவன் என்றும் வீடணன் என்றும் தமிழ் ஓசையில் உருக்கி வார்த்தார். அங்கே பொருள் இரண்டாம் இடம், ஓசையே முதல். முனிவரும் தாவீதின் பெயரை அவ்வழியிலேயே ஒலியால் வைத்துக்கொண்டார். ஆனால் தலைவனின் பெயருக்கு வந்தபோது அந்த வழியை விட்டுவிட்டார். ராகேலின் பெருமூச்சுக்குத் தமிழ் தேடினார். கூட்டுதல், பெருகுதல், செழித்தல் ஆகிய யாவும் அடங்கிய சொல் வளம். மகர இறுதி னகரமாகத் திரிவது நம் செய்யுள் மரபு. நிலம் நிலனாகும், நலம் நலனாகும், அறம் அறனாகும். அதுபோல வளம் வளனாகும். அதே சொல்லில் அன் ஈறு ஆண்பாலையும் காட்டுகின்றது. ஆகவே வளன் என்பது வளம் என்னும் பண்பு. வளம் உடைய ஆடவனும் அவனே. இலக்கண நூலார் வகுத்த ஒரு சிறு போலியை எடுத்து, அதன் ஒரு பக்கத்தில் பண்பையும் மறுபக்கத்தில் மனிதனையும் எழுதி வைத்துவிட்டார் அவர். 'தேம்பாவணி' என்ற பெயரே அப்படிப்பட்டதுதான். வாடாத மாலை எனவும் பிரிக்கலாம், தேனனைய பாக்களாலான அணி எனவும் பிரிக்கலாம். சதுரகராதியில் பெயரகராதி என ஒரு பகுதியையும் பொருளகராதி என மற்றொரு பகுதியையும் வகுத்து, சொல்லிலிருந்து பொருளுக்கும் பொருளிலிருந்து சொல்லுக்குமாக இரு திசையிலும் நடந்து பழகியவருக்கு இது கைவந்த கலை.

அப்பெயரில் ஒரு முரணும் உண்டு. நற்செய்திகளில் நாம் காணும் யோசேப்பிடம் வளம் ஏது? காணிக்கையாக இரு புறாக்களைக் கொணரும் ஏழை. நால்வர் எழுதிய நற்செய்திகளுள் ஒன்றிலும் அவர் பேசிய ஒரு சொல் இல்லை. குழந்தைக்கு அவர் இயேசு எனப் பெயரிட்டார் என்று மத்தேயு குறிப்பது ஒன்றுதான் (மத் 1:25). வாய் திறந்து அவர் சொன்னதாக நாம் உறுதியாக எண்ணத்தக்க ஒரே சொல் ஒரு பெயர். அத்தகைய ஒருவரை ஆயிரக்கணக்கான பாடல்களில் வளன், வளன் என்று அழைக்கும்போது சொல்லுக்கும் நிலைக்கும் இடையே எழும் இழுபறியே காப்பியத்தின் சுவைகளுள் ஒன்று. 'யோசேப்பு' என்ற ஒலியை வைத்திருந்தால் தமிழ்ச் செவிக்கு அந்த இழுபறி எட்டியிருக்காது.

இவ்வளவு புகழ்ந்தபின் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். திருமுழுக்கு யோவானுக்கு முனிவர் இட்ட பெயர் எனக்கு அவ்வளவு நிறைவளிக்கவில்லை. 'யோகனான்' என்பதற்கு 'ஆண்டவர் அருள்கூர்ந்தார்' என்பது பொருள். தேம்பாவணியில் அவர் கருணையன். தாயை இழந்த கருணையன் காட்டில் தனித்து அழ, மரமும் பூவும் பறவையும் உடனழும் பகுதியைப் பத்தாம் வகுப்பில் படித்த பிள்ளைகள் பலர் நம் இல்லங்களில் உண்டு. அந்த இடத்தில் பெயர் பொருந்தவே செய்கின்றது. அழுகின்றவனே இரக்கத்தின் பெயரைச் சுமக்கின்றான். எனினும் கருணை என்பது துன்பம் கண்டு இரங்குவது. அருளோ தகுதி பாராமல் தரப்படுவது. வள்ளுவர் அன்புடைமையை இல்லறவியலிலும் அருளுடைமையைத் துறவறவியலிலும் வைத்ததன் காரணத்தை உரையாசிரியர்கள் விளக்கியிருக்கின்றனர்: அன்பு தொடர்புடையார்மேல் செல்வது, அருள் எல்லாவுயிர்மேலும் செல்வது. இறையியலில் அருள் என்னும் சொல்லுக்கு நாம் தரும் பொருளும் அதனோடு ஒட்டியதே. 'அருளப்பர்' என்று யோவானை அழைத்தவர்கள் இவ்விடத்தில் பெரும்புலவரைவிடப் பெயரின் அருகில் நிற்கின்றனர். 1693-இல் ஓரியூரில் வெட்டுண்டு மாண்ட ஜான் தெ பிரித்தோவும் தம் திருமுழுக்குப் பெயரை இந்த அருளின் வழியேதான் 'அருளானந்தர்' ஆக்கிக்கொண்டார்.

பெயரை மொழிபெயர்க்கலாமா என்று கேட்போருக்குத் திருமறையே விடை தருகின்றது. சீமோனுக்கு ஆண்டவர் இட்ட பெயர் 'கேபா'. அதற்குப் பேதுரு, அதாவது பாறை என்பது பொருள் என்று யோவான் நற்செய்தியாளர் உடனே கிரேக்கத்தில் பெயர்த்துச் சொல்கின்றார் (யோவா 1:42). யோப்பாவின் தபித்தாவைத் தொற்கா எனப் பெயர்க்கின்றார் லூக்கா (திப 9:36). இரண்டுக்கும் பெண்மான் என்பதே பொருள். ஒலி மாறினாலும் ஆள் மாறவில்லை என்பது அவர்கள் கொள்கை.

நம் முன்னோர் இக்கொள்கையைப் பின்பற்றிப் படைத்த பெயர்களுள் சில எந்தக் கவிஞரும் பொறாமைப்படத்தக்கவை. இலத்தீனில் 'பவுலுஸ்' என்றால் சிறியவர், ஆகவே சின்னப்பர். திருத்தூதருள் கடையன் நான் என்று தம்மையே சொல்லிக்கொண்டவருக்கு (1 கொரி 15:9) இதைவிடப் பொருத்தமான பெயர் எந்த மொழியிலும் இராது. அதோடு, தமிழ் வீட்டில் சின்னப்பா யார் என்பது எல்லாருக்கும் தெரியும், தந்தையின் தம்பி. சூன் 29-இல் இராயப்பர், சின்னப்பர் என்று இருவரையும் சேர்த்துச் சொல்லும்போது வீட்டின் பெரியவரும் அவர் தம்பியும் திண்ணையில் அமர்ந்திருப்பதுபோல் ஓர் உறவு தோன்றிவிடுகின்றது. இராயப்பர் என்பதில் பாறை இல்லை. இராயர் என்னும் தலைமை இருக்கின்றது. அதை ஒரு குறையாகக் கூறலாம். ஸ்தேவானுக்கு 'முடியப்பர்', கிரேக்கத்தில் 'ஸ்தெபனோஸ்' என்றால் முடி. பெனெதிக்து 'ஆசீர்வாதப்பர்'. ஆண்டவருக்கு உரியவர் என்னும் தொமினிக் 'சாமிநாதர்'. இவற்றுள் ஒன்றிலாவது மொழிபெயர்ப்பின் தழும்பு தெரிகின்றதா?

இங்கே நம் காலத்து இழப்பு ஒன்றையும் குறிக்கவேண்டும். 1995-இல் திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பாக வெளிவந்தது. பிரிந்து கிடந்த சபைகள் ஒரே மறைநூலை ஒரே தமிழில் வாசிக்கவேண்டும் என்ற நோக்கம் உயர்ந்தது. அதன் பயனை நாம் கண்டும் இருக்கிறோம். அந்த ஒற்றுமைக்காகப் பெயர்களை மூல ஒலிக்கு அருகில் கொண்டுசென்றனர். அருளப்பர் யோவான் ஆனார், சின்னப்பர் பவுல் ஆனார், முடியப்பர் ஸ்தேவான் ஆனார். மறைநூல் வாசகத்திற்கு அது சரியென்றே நான் கருதுகிறேன். ஆனால் அதன் விலை என்ன? கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள் திருத்தூதர் பணிகள் வாசிக்கப்படுகின்றது. ஸ்தேவான் கல்லெறியுண்டு மாள்கின்றார். முதல் வரிசையில் முடியப்பன் என்ற பெயருடைய இளைஞர் ஒருவர் அமர்ந்திருக்கின்றார். மாள்பவர் தம் பெயர்க்காரர் என்பது அவருக்குத் தெரியாது. அவர் தாத்தாவுக்குத் தெரிந்திருந்தது. வாசகத்துக்கும் பதிவேட்டுக்கும் இடையே அறுந்துபோன இந்த நூலைக் கட்டித்தர மறையுரையில் அரை நிமிடம் போதும். நாம்தாம் அதைச் செய்வதில்லை.

இனி ஒலியைக் காத்தவர்களின் பக்கம் வருவோம். மேலே சொன்னவற்றால் நான் பொருளின் கட்சி என்று வாசகர் எண்ணியிருப்பர். ஒலியின் கட்சியிலும் வலுவான சான்றுகள் உண்டு.

'சூசை' என்பது வளனுக்கு முந்திய பெயர். போர்த்துக்கீசியர் 'ஜோசே' என்பதில் முதலெழுத்தை மெல்ல உரசி ஒலிப்பர். அதைத் தமிழ்ச் செவி சூசை என்று கேட்டது. அகராதியில் அதற்குப் பொருள் இல்லை. ஆனால் தச்சுப்பட்டறையில், களத்துமேட்டில், கட்டுமரத்தில் நிலைத்து நின்றது அதுவே. அதுபோல் 'சாந்த் யாகோ', அதாவது புனித யாக்கோபு என்னும் இரு சொற்கள் சேர்ந்து சந்தியாகு ஆயின. அதன்மேல் நாம் மீண்டும் 'புனித' என்று சேர்த்துப் புனித சந்தியாகப்பர் என்கிறோம். அந்த ஒரு புனிதர் மட்டும் நம்மிடம் இருமுறை புனிதராகிவிட்டார்! பக்தியில் மிகையென்று ஒன்று இல்லை என விட்டுவிடலாம்.

முத்துக்குளித்துறைப் பரதவர் 1530களின் நடுவில் திருமுழுக்குப் பெற்றபோது பெயருடன் குடும்பப் பெயரும் வந்தது. தமிழருக்கு அது புதிது. நாம் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே வைத்துக்கொள்வோம். அது ஒரு தலைமுறையோடு முடியும். பர்னாந்து, ரொட்ரிகோ, கோமஸ், மச்சாடோ, பெரேரா, கர்வாலோ என்னும் பெயர்களோ பேரன், கொள்ளுப்பேரன் வரை இறங்குகின்றன. அவற்றைப் பிளந்து பார்த்தால் வியப்பாக இருக்கும். மச்சாடோ கோடரி, பெரேரா பேரிமரம், சில்வா காடு, கோஸ்தா கடற்கரை. ரொட்ரிகோ புகழையும் வலிமையையும் குறிக்கும் பழைய ஜெர்மானியப் பெயர். ஸ்பெயினை ஆண்ட மேற்குக் கோத்தியரின் மன்னன் ஒருவன் அப்பெயரோடு 711-இல் போரில் வீழ்ந்தான். அவன் பெயர் இன்று தூத்துக்குடியிலும் மன்னாரிலும் வலை பின்னிக்கொண்டிருக்கின்றது. இவற்றை அடிமைத்தனத்தின் எச்சம் என்று ஒதுக்குவோர் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. மொழிபெயர்ப்பு அழித்துவிடும் ஒன்றை இவை காத்துவைத்திருக்கின்றன. எப்போது, யார் கையால், எந்தக் கடல்வழியாகப் பெயர் வந்தது என்ற செய்தி அது. வளன் என்ற பெயரைக் கேட்டு அது எந்த நூற்றாண்டில் வந்தது என்று சொல்ல முடியாது. பர்னாந்து என்ற பெயர் தன் பிறப்புச் சான்றைத் தானே கையில் பிடித்து நிற்கின்றது.

சவேரியாரின் பெயரும் அத்தகையதே. நவார் நாட்டிலுள்ள ஹவியேர் கோட்டையில் 1506-இல் பிறந்தார். பாஸ்கு மொழியில் அந்த இடப்பெயருக்குப் 'புதுவீடு' என்று பொருள். தந்தை யாசு குடும்பத்தவர். கோட்டை தாய்வழி வந்தது. மகன் தாய்வீட்டின் பெயரோடு உலகை வலம் வந்தார். 1542-இல் நம் கடற்கரைக்கு வந்த அவரைப் பொருள்படப் பெயர்த்திருந்தால் 'புதுமனையார்' என்று அழைத்திருப்போம். நல்லவேளை, யாருக்கும் அது தோன்றவில்லை. வேடிக்கை என்னவென்றால் திருச்சியில் அதே இயேசு சபையார் தூய வளனார் கல்லூரி என்று பெயர்த்தும், பாளையங்கோட்டையில் தூய சவேரியார் கல்லூரி என்று பெயர்க்காமலும் வைத்திருக்கின்றனர். இரண்டிலும் அவர்கள் செய்தது சரியே. ஆள்பெயரில் பொருள் உயிரோடு இருக்கும். இடப்பெயரில் பெரும்பாலும் பொருள் உறங்கிவிடும்.

கடற்கரைப் பெயர்களை இலக்கியத்தில் நன்கு கேட்டவர் ஜோ டி குருஸ். 2004-இல் வெளிவந்த 'ஆழி சூழ் உலகு' நாவலில் தொம்மந்திரை என்றொரு முதியவர் வருகின்றார். அச்சொல்லை மெல்லச் சொல்லிப் பாருங்கள். 'தொம்' என்ற போர்த்துக்கீசிய மரியாதைச் சொல்லும், 'அந்திரை' என்ற திருத்தூதர் பெயரும் உள்ளே கேட்கின்றன. அந்திரேயாவும் ஒரு மீனவரே. நாவலாசிரியர் இதை எங்கும் விளக்கவில்லை. விளக்காமல் விட்டதே அவர் திறம். அதே நூலில் சூசை உண்டு, சிலுவையும் உண்டு. சிலுவை என்பது ஒரு மனிதனின் பெயராக இருக்கக்கூடும் என்பதே உள்நாட்டு வாசகருக்குப் புதிய செய்தியாய் இருந்திருக்கும். ஆசிரியரின் குடும்பப் பெயரான 'குருஸ்' என்பதற்கும் சிலுவை என்பதே பொருள். ஒரே சொல் நூலின் அட்டையில் ஒலியாகவும், உள்ளே பொருளாகவும் நிற்கின்றது. வேதநாயகம் பிள்ளை நல்ல கத்தோலிக்கர். ஆயினும் 1879-இல் வெளிவந்த அவரது பிரதாப முதலியார் சரித்திரத்தின் தலைவன், தலைவி பெயர்களில் கிறிஸ்தவச் சாயல் ஏதுமில்லை. பொதுத் தமிழ் வாசகரை நோக்கி எழுதியவர் அப்படிச் செய்ததில் வியப்பில்லை. சூசையையும் சிலுவையையும் அவர்களின் சொந்தப் பெயரோடே தமிழ் நாவலின் நடுவில் நடமாட விட இன்னும் ஒரு நூற்றாண்டுக்குமேல் வேண்டியிருந்தது.

மாதாவின் பெயர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவை தனிக்கட்டுரைக்கு உரியவை. ஆரோக்கியம், சகாயம், அடைக்கலம், வியாகுலம், செபமாலை, அமலோற்பவம் என்று மாதாவின் பட்டங்களை நம் வீட்டுப் பெண்களுக்கு இட்டோம். ஸ்பெயினிலும் இதே வழக்கம்: தொலோரேஸ் என்றால் வியாகுலம், சொகோரோ என்றால் சகாயம், அம்பாரோ என்றால் அடைக்கலம், ரொசாரியோ என்றால் செபமாலை. தூத்துக்குடியின் சுட்டெரிக்கும் வெயிலில் 'பனிமயம்' என்ற பெயரோடு ஒரு மூதாட்டி உப்பளத்துக்கு நடந்து போவாள். அதைவிடச் சிறந்த கவிதையை நான் கேட்டதில்லை.

பெயர் எப்போதும் வாழ்த்து என்று எண்ணிவிடலாகாது. தென்மாவட்டங்களில் 'போதும்பொண்ணு' என்ற பெயருடைய பெண்கள் உண்டு. மூன்றாவதும் நான்காவதும் பெண்ணாய்ப் பிறந்ததால், இனிப் பெண் வேண்டாம் என்று இறைவனுக்குச் சொல்லும் விண்ணப்பத்தை அப்பிள்ளையின் தலையிலேயே எழுதிவிட்டனர். 'வேண்டாம்' என்றே பெயரிட்டதும் உண்டு. முன் பிறந்தவை இறந்ததால், எமன் கண்ணில் படாதிருக்கக் குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பன், குப்பம்மாள் என்று பெயரிடும் வழக்கத்தில் அன்பாவது இருக்கின்றது. 'போதும்' என்பதில் அதுவும் இல்லை. பொருளுள்ள பெயரே நல்ல பெயர் என்று வாதிடுவோர் இதற்கு என்ன சொல்வர்? இவ்விடத்தில்தான் திருச்சபையின் பழைய சட்டம் ஒன்று எனக்கு அழகாகத் தோன்றுகின்றது. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 761ஆம் எண்: திருமுழுக்குப் பெறுவோருக்குக் கிறிஸ்தவப் பெயர் இடப்படுமாறு பங்குக்குரு பார்த்துக்கொள்ளவேண்டும், பெற்றோர் இணங்காவிடில் அவர்கள் இட்ட பெயரோடு ஒரு புனிதரின் பெயரையும் சேர்த்து, இரண்டையும் பதிவேட்டில் எழுதவேண்டும். இதனால் ஊர் 'போதும்' என்று அழைத்த பெண்ணுக்குப் பதிவேட்டில் இன்னொரு பெயர் காத்திருக்கும். மேரி என்றோ லூசியா என்றோ எழுதப்பட்ட அப்பெயரைத் திருமண ஓலை வாசிக்கும் மூன்று ஞாயிறுகளில் ஊர் முழுதும் கேட்கும். அந்த ஒலிக்குத் தமிழில் பொருள் தெரியாமலிருந்ததே அவளுக்கு ஒரு விடுதலை.

சாதியைப் பற்றியும் சொல்லவேண்டும். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற நீலகண்டனுக்கு இடப்பட்ட பெயர் இலாசர். 'கடவுள் உதவினார்' என்னும் எபிரேய எலயாசரின் குறுக்கம் அது, ஆகவே தேவசகாயம். எழுத்துக்கு எழுத்து சரியான மொழிபெயர்ப்பு. அவர் மனைவி பார்கவிக்குத் திரேசா, தமிழில் ஞானப்பூ. இது மொழிபெயர்ப்பன்று, நன்கொடை. 1752-இல் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டவரை நாம் இருநூற்றைம்பது ஆண்டுகளாகத் தேவசகாயம் பிள்ளை என்று அழைத்துவந்தோம். 2012-இல் கோட்டாற்றில் அருளாளராக உயர்த்தப்பட்டபோதும் அவ்வழக்கே நம் நாவில் இருந்தது. 2022 மே 15-இல் உரோமையில் புனிதராக அறிவிக்கப்பட்டபோது பின்னொட்டு நீக்கப்பட்டு, தேவசகாயம் என்பதே நின்றது. செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடச் சொன்னது 1929-இல். நாம் அதைப் பீடத்தில் செய்ய இன்னும் 93 ஆண்டுகள் ஆயின. எவரிடமும் சாதி பாராமல் பழகியதும் அவர்மேல் சுமத்தப்பட்ட குற்றங்களுள் ஒன்று என்று அவர் வரலாறு கூறுகின்றது. அவர் பெயருக்குப் பின்னே அந்தப் பட்டத்தைத் தொங்கவிட்டிருந்தது மோசமான திறனாய்வு; அவரை நாம் சரியாக வாசிக்கவில்லை என்பதற்கு அதுவே சான்று. பின்னொட்டு போய்விட்டதால் எல்லாம் போய்விடவில்லை. ஒருவர் பெயரைக் கேட்டவுடன் கடற்கரையா, உள்நாடா, எந்தத் தெரு என்று கணக்கிடும் செவி நம் பங்குகளில் இன்னும் கூர்மையாகவே இருக்கின்றது.

இப்போதைய சட்டத்தின் 855ஆம் எண் புனிதரின் பெயரை வற்புறுத்துவதில்லை. கிறிஸ்தவ உணர்வுக்கு அயலான பெயர் இடப்படாதிருந்தால் போதும் என்கின்றது. ஆகவே தந்தை பெயரில் ஓர் அசையும் தாய் பெயரில் ஓர் அசையும் ஒட்டிச் செய்த பெயர்கள் பதிவேட்டை நிறைக்கின்றன. பொருள் என்னவென்று கேட்டால் கைப்பேசியைக் காட்டுகின்றனர். அதில் எந்தப் பெயருக்கும் 'இளவரசி' என்றோ 'கடவுளின் பரிசு' என்றோ இருக்கின்றது. இவற்றை நான் மறுப்பதில்லை. சட்டம் மறுக்கவில்லை, பெற்றோரின் அன்பு அந்த ஒட்டிலும் இருக்கின்றது. எழுதுமுன் ஒன்று மட்டும் கேட்பேன்: குழந்தையின் பாட்டிகள் இருவரின் பெயர் என்ன? சிலர் உடனே சொல்வர். சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வர், பின்னே நிற்கும் மூதாட்டி தானே முன்வந்து சொல்லுவாள். சில வேளைகளில் அவள் பெயர் இரண்டாம் பெயராய் ஏறிவிடும்.

அண்மை ஆண்டுகளில் தமிழ்ப் பெயர் தேடும் இளம் பெற்றோரிடம் வளன் மீண்டும் வருகின்றான். தேம்பாவணியைப் படித்து வைத்ததா, கல்லூரியின் பெயர்ப்பலகையைப் பார்த்து வைத்ததா என்று நான் கேட்பதில்லை. சூசை என்று மட்டும் இப்போது யாரும் கேட்டு வருவதில்லை.